மயிலைப் பிரித்த கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் என்னை நானே தடுத்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். ஆத்தா மகிமையைக் கெடுக்க வந்தவள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நான் தினமும் விளக்கு ஏற்றுகிறவள். செவ்வாய் வெள்ளி கவிச்சி தொடாதவள். அப்படி ஒரு பேச்சு வந்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். போன மாதம் ஈப்போவிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவர் கேட்ட ஒரு கேள்வியில் என் பயம் எல்லாம் போய்விட்டது. இப்போது கோபம் மட்டும்தான் இருக்கிறது.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

முடிச்சு வேண்டாம்

ஆரி வேலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துணியை மரச்சட்டத்தில் முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுவோம். கொக்கி வைத்த ஊசியை மேலிருந்து குத்துவோம். நூல் துணிக்கு அடியில் இடது கையில் இருக்கும். ஊசி அந்த நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்கும். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று. சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். வரி முடிகிற இடத்தில் முடிச்சு போட வேண்டும். போடாவிட்டால், கடைசி வளையத்தைப் பிடித்து ஓர் இழு இழுத்தால் போதும், முழு வரியும் சர்ரென்று கழன்று வந்துவிடும். இந்த ஒரு சங்கதியை மட்டும் மறக்காமல் மேலே படியுங்கள்.

என் நாத்தனார் கிள்ளானில் ஒரு ரவிக்கைக் கடையில் இந்த வேலை பார்த்தார். கல்யாணம் ஆன புதிதில் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் குடிவந்த பிறகு, லயத்து வரிசை வீட்டில் சட்டம் போட்டுக் கல்யாண ரவிக்கைகள் தைத்தேன். என் வீட்டுக்காரர் கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டினார். பிரிஞ்சாங் வரைக்கும் என் கைவேலைக்குப் பெயர் இருந்தது.

எங்கள் மலையில் தேயிலையைப் பார்த்தபடி உட்கார ஒரு கண்ணாடி டீக்கடை கட்டினார்கள். வெளியூர் பஸ்கள் வந்து நிற்கிற பெரிய கடை. அதன் பெயரை எழுதவில்லை. அங்கே 'இந்தியக் கைவேலை' என்று ஒரு மூலை ஒதுக்கினார்கள். அந்த மூலைக்கு மூன்று பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒன்று நான். இரண்டாவது சரசக்கா, கொழுந்து எடுத்து ஓய்ந்தவர், எங்கள் மாரியம்மன் கோயிலில் எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவர். மூன்றாவது பிலோமினா, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், வாய்த்துடுக்கு அதிகம், கை அதைவிட வேகம்.

மேனேஜர் ரமேஷ் தலைநகர் கேஎல்லிலிருந்து வந்தவர். முதல் நாளே ஒரு சிவப்புக் கைத்தறிப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, இது யாருக்குத் தெரியுமா? உங்க தோட்டத்து மாரியம்மனுக்கு. முந்தானையில மயில் போடணும். திருவிழாவுக்கு அம்மன் இதைத்தான் கட்டணும்."

சரசக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும்தான். மஞ்சள் குங்குமம் வைத்து, சட்டத்துக்குச் சூடம் காட்டி வேலையைத் தொடங்கினோம். கரையோரக் கொடிகளை முடிச்சு போட்டு முடித்தோம். மயிலைத் தொடங்குகிற நாளில் ரமேஷ் வந்து நின்றார்.

"மயிலுக்கு முடிச்சு வேண்டாம்."

"முடிச்சு இல்லாம எப்படி சார்? அவுந்துடுமே" என்றேன்.

"பின்னால முடிச்சு முடிச்சா இருந்தா பட்டு இழுக்குது. எல்லாம் முடிஞ்சதும் கேஎல்லேர்ந்து ஓர் ஆள் வந்து பின்பக்கம் பசை போட்டு ஒட்டிடுவார். நீங்க நூலை அப்படியே விடுங்க, போதும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கடையை நடத்துகிறவர் சொல்கிறார், பசை வரும் என்கிறார், சரி என்று விட்டோம்.

பஸ்ஸில் வருகிறவர்களை ரமேஷ் எங்களிடம் கூட்டி வருவார். "அம்மன் சேலை. வேண்டிக்கிட்டு ஒரு தையல் போடுங்க" என்பார். வெள்ளைக்காரரும் போட்டார்கள், சீனரும் போட்டார்கள். தமிழர்கள் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். நாங்கள் கையைப் பிடித்து உதவுவோம்.

ஆத்தா ஏற்கவில்லை

மயிலின் கழுத்து வந்தது, உடம்பு வந்தது, தோகை பாதி வந்தது. அந்தச் சமயத்தில் என் கொழுந்தனார் இறந்துபோனார். கருமாதி முடித்து, வீடு கழுவி, புண்ணியதானம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தோகை இல்லை. நூலெல்லாம் சட்டத்தின் மேல் சுருள் சுருளாகக் கிடந்தது.

முடிச்சு இல்லாததால் அவிழ்ந்தது என்றேன் நான்.

"ஒரு வரி ரெண்டு வரி அவுந்தா சரிங்கலாம் கமலா" என்றார் சரசக்கா. "தோகை முழுசும் அவுந்திருக்கே. அதெப்படி எல்லா வரியும் ஒண்ணா அவுரும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திரும்பத் தைத்தோம். தோகை பாதி வந்ததும் மறுபடியும் ஒரு காலையில் கழன்று கிடந்தது. மூன்றாவது தடவை சரசக்கா என்னைப் பார்த்த பார்வையே வேறு.

"வாயத் தொறந்து சொல்லு. உன் வீட்டுத் தீட்டு சரியாக் கழிஞ்சுதா?"

"ஐயர் வந்து செஞ்சாரு சரசக்கா."

"அப்ப ஏன் நீ வந்த நாள்லேர்ந்து இப்படி ஆவுது? ஆத்தா ஏத்துக்கல. பளிச்சுனு தெரியுது."

பிலோமினா சட்டத்தின் மரத்தைச் சுட்டிக் காட்டினாள். வட்டமாக ஒரு கறை. "இங்க பாருங்க, கப்பு வச்ச தடம். உங்க ஆத்தா நூலைப் பிரிச்சிட்டு ஒரு டீயும் குடிச்சிட்டுப் போறாங்க போல."

"அடி வேதக்காரி! சாமி விசயத்துல விளையாடின, நாக்கு அழுகிடும்!"

ரமேஷ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சரசக்கா அவரிடமே நியாயம் கேட்டார். அவர் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "இருக்கலாம் அக்கா. சாமி காரியம் பாருங்க. யாருக்கு என்ன குறைன்னு நீங்களே பேசித் தீர்த்துக்குங்க" என்றார். அந்த வாக்கியத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

சரசக்கா கோயிலில் நாலு பேரிடம் சொன்னார். லயத்தில் தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றது. என் வீட்டுக்காரர் செத்துப்போன தம்பியை நினைத்து அழுகிறவர். அவரிடம் போய் உங்கள் தம்பியால்தான் எனக்கு இந்தப் பழி என்று எப்படிச் சொல்வேன்?

விரதம் இருந்தேன். கேமரன் மலைக் குளிர் உங்களுக்குத் தெரியும். விடியலில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, ஈரத்தலையோடு கோயிலைச் சுற்றிவிட்டுப் போய்த் தைப்பேன். ஊசி பிடிக்கிற விரல் விறைத்துப்போகும். "தாயே, என்ன குறை வைத்தேன், சொல்லு" என்று கேட்டுக் கேட்டுத் தைத்தேன். தோகை வளரும். பிறகு ஒரு காலையில் கழன்று கிடக்கும்.

கோணல் கண்

அப்போதுதான் அந்த ஈப்போ அம்மா முதல் தடவையாகக் கடைக்கு வந்தார். தனியாக வந்திருந்தார். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணுக்குத் தலையில ஆபரேஷன்மா. அவ பேர்ல ஒரு தையல் போட்டுக்கறேன்" என்றார்.

ஒரு தையலோடு நிறுத்தவில்லை. தோகையில் ஓர் இறகின் கண் முழுவதையும் நீல நூலில் அவரே போட்டார். வட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக வந்தது. "கொஞ்சம் சரி பண்ணிடட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா. என் கையாலேயே இருக்கட்டும். அம்மனுக்குத் தெரியும்."

அன்று சாயந்தரம் தோட்டத்து வேனில் ஏறின பிறகுதான் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பி நடந்தேன். மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது, ஆனாலும் வெளிச்சம் இருந்தது. கடை அடைத்துவிட்டார்கள். பின்கதவு திறந்திருந்தது.

ரமேஷ் எங்கள் சட்டத்தின் முன்னால், என் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டத்தின் மரத்தில் டீ கப்பு. கப்பிலிருந்து ஒரு வாய் குடிப்பார், ஒரு நூல் நுனியைப் பிடித்து இழுப்பார். சர்ர். இன்னொரு நுனி. சர்ர். பட்டாணி உரிக்கிற மாதிரி அலட்டிக்கொள்ளாமல் செய்துகொண்டிருந்தார். நீல நூல் அவர் விரலில் சுற்றியிருந்தது.

"சார்! என்ன பண்றீங்க?"

திரும்பிப் பார்த்தார். வெட்கம் இல்லை. "ஓ, கமலாக்காவா? கண்ணாடி தானே? அங்க மேசையில இருக்கு."

"ஆத்தா சேலையைப் பிரிக்கிறீங்களே!"

"பிரிக்கலன்னா நாளைக்கு எதைத் தைப்பீங்க? மயில் முடிஞ்சிட்டா டூரிஸ்ட் எதைப் பார்ப்பான்? பாதி மயில்தான் போட்டோவுக்கு அழகு. நம்ம விளம்பரத்துல இருக்கிறதும் பாதி மயில்தான்."

"அப்ப கோயிலுக்கு?"

"கோயிலுக்கு மெஷின் எம்பிராய்டரி சேலை ஒண்ணு ஆர்டர் கொடுத்தாச்சு லா. நீட்டா இருக்கும். அக்கா, இங்க உங்க கை அசையணும், அவ்வளவுதான் வேலை."

நான் சட்டத்தின் பக்கத்தில் போய் நின்றேன். "என்னைத் தீட்டுக்காரின்னு ஊரே பேசிச்சே சார். நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டீங்களே. நான் பச்சைத் தண்ணியில குளிச்சிட்டு வந்து தைச்சேனே."

"நானா தீட்டுன்னு சொன்னேன்? நீங்களா ஒரு காரணம் கண்டுபிடிச்சீங்க, நீங்களா நம்புனீங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

சொல்லிவிட்டு இன்னொரு நூலை இழுத்தார்.

அந்த ஆள் திருடியிருந்தால் மன்னித்திருப்பேன். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். எங்கள் பக்தி அவருக்கு ஒரு வசதியாக இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாங்கள் சாமிக்குப் பயந்து ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவரைக்கும் அவரை யாரும் சந்தேகப்பட மாட்டோம் அல்லவா?

முடிச்சு

மறுநாள் காலையில் இரண்டு பேரிடமும் சொன்னேன். பிலோமினா கப்புத் தடத்தின் மேல் விரலை வைத்து, "அன்னைக்கே சொன்னேன்" என்றாள். சரசக்கா நம்பவில்லை. சட்டத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து, பட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். விரலில் சுற்றின வளையமாகவே கிடந்த நீல நூலை எடுத்துப் பார்த்துவிட்டு, "என் வாயில மண்ண அள்ளிப் போட" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நாளையிலேர்ந்து வெந்நீர்ல குளி" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான்.

ஆரி வேலை செய்கிற பிள்ளைகளே, பட்டுக்கு ஒரு குணம் உண்டு. நூலை உருவிவிடலாம், ஊசி குத்தின துளை சீக்கிரம் மூடாது. அந்த ஈப்போ அம்மா போட்ட கோணல் வட்டம் சின்னச் சின்னத் துளையாக அப்படியே இருந்தது. நான் நீல நூலை எடுத்து, அவர் குத்தின அதே துளைகளில் ஒவ்வொன்றாக ஊசியை விட்டேன். நல்ல கையால் கோணலாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசித் துளையில் முடிச்சு போட்டேன். இழுத்துப் பார்த்தேன். இறுகி நின்றது.

மூன்று பேரும் தைத்தோம். ஒவ்வொரு வரிக்கும் முடிச்சு. பார்க்க வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று சாயந்தரம் ரமேஷ் இழுத்துப் பார்த்திருக்கிறார், வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை. கிள்ளானிலிருந்து ஒரு பஸ் நிறைய குடும்பங்கள் வந்து எங்களைச் சுற்றி நிற்கும்போது, கத்தரிக்கோலோடு வந்தார்.

"யாரு முடிச்சு போட்டது?"

"ஆத்தாதான் சார் போட்டிருப்பாங்க" என்றாள் பிலோமினா.

சரசக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"தள்ளுங்க. துணியை மாத்தணும். இதுல தப்பு நடந்திருக்கு" என்று கத்தரிக்கோலைத் தோகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

கூட்டத்தில் வேட்டி கட்டின பெரியவர் ஒருவர், "என்னம்மா, சாமி சேலைன்னீங்க, வெட்டப் போறாரே?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். முடிச்சு வேண்டாம் என்று சொன்னதிலிருந்து, நேற்று முன்தினம் பார்த்தது வரைக்கும் எல்லாவற்றையும். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பிறகு அவரிடம் திரும்பினேன்.

"வெட்டுங்க சார். ஆத்தா முந்தானையை வெட்டறதையும் இவங்க போட்டோ எடுக்கட்டும். பாதி மயிலை விட நல்லா இருக்கும்."

நாலைந்து பேர் போனைத் தூக்கினார்கள். ரமேஷ் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சரசக்கா சட்டத்தின் கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் மூன்று பேரும் சேலையை மடித்து, தூறலில் நனையாமல் எங்கள் முந்தானையால் மூடிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே இறங்கிக் கோயிலுக்கு நடந்தோம். பூசாரி சேலையை வாங்கி அன்றே அம்மனுக்குச் சாத்தினார். தோகையில் ஒரு பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது

இத்தோடு முடிந்திருந்தால் எழுதவே மாட்டேன். எங்களுக்கு வேலை போனது, போகட்டும். நான் கோயில் தலைவரிடம் போய், இந்த அநியாயத்தைக் கூட்டத்தில் பேசுங்கள் என்றேன்.

"கமலா, திருவிழாப் பந்தல் அந்தக் கடைக்காரங்கதான் போட்டுத் தராங்க. சேலைதான் வந்துடுச்சே, அப்புறம் என்ன? ஆத்தா பேரைச் சந்திக்கு இழுக்காத."

அதிலேதான் என் வாய் அடைத்தது. ஆத்தா பேர் என்று சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் பேசாத இடத்தில் வேறு கதை முளைத்தது. எங்கள் தோட்டத்து அம்மன் தன் சேலையில் போட்ட மயிலைத் தானே பிரித்தாளாம். தீட்டோடு ஒருத்தி தைத்தாளாம், பாவம் சுமந்தவர்கள் தையல் போட்டார்களாம், அவர்கள் தையலை எல்லாம் அம்மன் கழித்துவிட்டு, சுத்தமானதை மட்டும் ஏற்றுக்கொண்டாளாம். போனில் இதை எனக்கே அனுப்பினார்கள், கடைசியில் பூவும் கும்பிடுகிற கையும் போட்டு. அந்த டீக்கடையில் புது ஆட்கள் புது மயில் தைக்கிறார்கள். பின்னால் சுவரில் இந்தக் கதையைப் பெரிய பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பிரித்தவர்களே அம்மன் பிரித்தாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

போன மாதம் ஈப்போ அம்மா அந்தப் பலகையைப் படித்துவிட்டு, விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பொண்ணு தவறிட்டாம்மா" என்றார். "ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டுக்கே வரல. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன். நான் போட்டதையும் அம்மன் பிரிச்சிட்டாங்களா?"

அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பூசாரி பெட்டியைத் திறந்து சேலையை எடுத்துக் கொடுத்தார். முந்தானையை விரித்துக் காட்டினேன். அவர் விரல் தானாகவே அந்த நீலக் கண்ணுக்குப் போனது.

"கோணலாவே இருக்கு" என்றார்.

"நீங்க குத்தின துளையிலதான் போட்டேன்மா. முடிச்சு மட்டும்தான் என்னுது. பிரிச்சது அம்மன் இல்ல. அந்தக் கடை மேனேஜர். என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப அம்மன் ஏத்துக்கிட்டாங்களா?"

"கட்டிக்கிட்டாங்கம்மா. உங்க பொண்ணு ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தையலால இல்லன்னு மட்டும் நல்லாத் தெரியும்."

அவர் சேலையை முகத்தில் புதைத்துக்கொண்டு அழுதார். இந்த மலையில் ஒருவன் விளம்பரப் படத்துக்காக நூல் இழுத்தான். அதற்காக ஒரு தாய் தன் மகள் சாவைத் தன் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். நான் வாய் மூடியிருந்த வருடமெல்லாம் அந்தப் பலகை பேசியிருக்கிறது.

ஆரி கற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எந்த வரியையும் முடிச்சு போடாமல் விடாதீர்கள். வேண்டாம் என்று யார் சொன்னாலும், ஏன் என்று கேளுங்கள், பதில் வரும்வரை ஊசியை எடுக்காதீர்கள். வேலை கெட்டுப்போனால் முதலில் நூலைப் பாருங்கள், பிறகு அங்கே வந்துபோகிற ஆளைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவளின் தீட்டைத் தேடாதீர்கள்.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் எதையும் கூட்டாதீர்கள், எதையும் குறைக்காதீர்கள். என்னைப் பெரியவளாக்க வேண்டாம். அம்மன் கனவில் வந்து கண்ணாடியை ஞாபகப்படுத்தினாள் என்று சேர்க்க வேண்டாம். அந்த டீ கப்பையும் விட்டுவிடாதீர்கள். தோகையைப் பிரித்தது ஒரு மனிதனின் கை. என் தாய் மாரியம்மன் எந்தத் தாயின் தையலையும் பிரிக்கவில்லை.